ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம்

எங்கள் வேலையில் ஊசி போடுவது சின்னப் பங்குதான்; போட்ட பிறகு எதிரில் உட்கார்ந்து ஆளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பெரும் பங்கு.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில், தலைவலிக்கும் தசைக் கோளாறுக்கும் ஊசி போடுகிற கிளினிக்கில் பதினாறு வருஷமாகத் தாதியாக, இங்கே கூப்பிடுகிற மாதிரி சொன்னால் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்காரர்களே, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டவர்களே, கண் இமை தானாகத் துடிப்பவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்திதான். எனக்கு இடது கண்ணுக்குப் பின்னால், மாதத்தில் பத்து நாள்.

சிலருக்கு நெற்றி, பொட்டு, பின்னந்தலை, கழுத்து என்று முப்பது இடத்துக்கு மேல் சின்னச் சின்னதாகக் குத்துவோம். இழுக்கிற தசையை அந்த மருந்து தளர்த்திவிடும். சிலருக்கு மாதம் ஒரு ஊசி, வயிற்றிலோ தொடையிலோ. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. எப்போதோ ஒருவருடைய உடம்பு மட்டும் மருந்தைப் பகையாளியாக நினைத்துச் சண்டைக்குப் போகும். அதைத்தான் அலர்ஜி என்கிறோம். மோசமான அலர்ஜி பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே முகத்தைக் காட்டிவிடும். அதனால்தான் கண்காணிப்பு அறை என்று ஒன்று வைத்திருக்கிறோம். சாய்வு நாற்காலி இரண்டு, என் ஸ்டூல் ஒன்று, சுவரில் கடிகாரம், தட்டில் அலர்ஜியை அடக்குகிற அட்ரினலின் ஊசி.

இந்த அறைக்கு வருகிறவர்கள் அநேகமாகத் தனியாகத்தான் வருவார்கள். கால் உடைந்தால் கூடவே நாலு பேர் வருவார்கள். தலைவலி வெளியே தெரியாது, அதற்குத் துணைக்கு யாரும் லீவு போடுவதில்லை.

யாரைக் கூப்பிடுவது

செல்வகுமாருக்குப் பின்னந்தலையிலிருந்து உச்சிக்கு மின்னல் வெட்டுகிற மாதிரி வலி. கட்டட வேலைக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது, தொழிலாளர் டோர்மிட்டரியில் தங்கியிருந்தார். நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசிக்காக அவரை அனுப்பியிருந்தார்கள். விவரங்கள் எழுதுகிற பாரத்தை நிரப்பச் சொன்னேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் ஒரு நம்பர் எழுதியிருந்தார். மேலே பார்த்தால் அவருடைய நம்பரும் அதேதான். "தம்பி, இது உங்க நம்பர். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க கூப்பிட வேற ஒருத்தர் வேணும்" என்றேன்.

பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். சூப்பர்வைசர் தெரியாத நம்பரை எடுக்க மாட்டாராம். ரூமில் இருக்கிறவர்கள் சைட்டில் போனைக் கையில் வைத்திருக்க முடியாதாம். மனைவி ஊரில், கேட்டதும் பதறிப்போவாள், அங்கிருந்து அவள் என்ன செய்ய முடியும் என்றார். கடைசியில் கிளினிக் நம்பரையே எழுதட்டுமா என்று கேட்டார். ஊசி போட்டு, அரை மணி நேரமும் இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி முழங்காலில் கை வைத்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது, அடுத்த தடவைக்குள் ஒரு பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "எனக்கு ஏதாவது ஆனா எனக்குத்தானே முதல்ல தெரியும், அக்கா."

பால் வேண்டாம்

கல்யாணி அக்கா நகைக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். கழுத்து எப்போதும் இடது பக்கம் திரும்பியே இருக்கும். கை வைத்துத் தள்ளினால் நேராகும், விட்டால் திரும்பிவிடும். கவுண்டரின் வலது கோடியில்தான் நிற்பாராம். அப்படி நின்றால் வாடிக்கையாளர்களைப் பார்த்தபடி இருக்கும், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். இதைச் சொல்லும்போதும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்றைக்கு வழக்கமான மருந்து வந்து சேரவில்லை. வேறு கம்பெனி மருந்தை டாக்டர் எடுத்துக் கலந்து ஊசியில் ஏற்றிவிட்டார். பாரத்தில் அலர்ஜி இல்லை என்று எழுதியிருந்தது. வரவேற்பில் இருக்கும் ரோஸ்னா கீழே கோப்பிக்கடைக்குப் போகிறேன், யாருக்கு என்ன வேண்டும் என்று தலையை நீட்டினாள். "எனக்கு தே-ஓ, பால் மட்டும் வேணாம்" என்றார் அக்கா. தே-ஓ என்றாலே பாலில்லாத டீதான்; அதற்கு மேலும் பால் வேண்டாம் என்றது எனக்கு ஏனோ உறுத்தியது. பால் பிடிக்காதா, ஒத்துக்காதா என்று கேட்டேன். "சின்ன வயசுல பால் குடிச்சா உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். அப்புறம் குடிக்கிறதே இல்ல. அதெல்லாமா அலர்ஜி?" என்றார். நான் டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன். வேறு எந்த நாளிலும் அப்படிச் செய்ததில்லை. அந்த மருந்தில் பாலின் புரதம் துளி கலந்திருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைப் போடவே கூடாது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு வேறு தேதி கொடுத்தார். அக்காவுக்கு நாங்கள் ஏன் வெளுத்துப்போனோம் என்பதே புரியவில்லை. பொறுமையாக விளக்கி, வீட்டிலும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், உங்கள் கணவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். தே-ஓவை ஊதி ஊதிக் குடித்தார். "இருபத்தெட்டு வருஷமாத் தெரியாது, மிஸ்ஸி. தினம் படுக்கப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கப் பால் சூடு பண்ணி வச்சிட்டுத்தான் போவாரு, நான் சிங்க்ல ஊத்திடுவேன்."

நாடி

ராஜரத்தினம் அங்கிள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், கதவில் தலை இடிக்காமல் குனிந்துதான் வருவார். ஊசி என்றால் பயம், ஆனால் சொல்ல மாட்டார். பின்னந்தலையில் போடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எங்களுக்கே தைரியம் சொன்னார். கண்காணிப்பு அறைக்கு வந்து ஐந்து நிமிஷம் இருக்கும். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தவர், அப்படியே பக்கத்து நாற்காலி மேல் சாய்ந்து தரையில் விழுந்தார். ரோஸ்னா அலறினாள். டாக்டர் அட்ரினலினோடு ஓடி வந்தார்.

நான் அவர் மணிக்கட்டில் விரலை வைத்தேன். அலர்ஜி என்றால் நாடி குதிரை மாதிரி ஓடும், தோல் தடிக்கும், மூச்சு விசில் அடிக்கும். இவருக்கு நாடி மெல்ல, யோசித்து யோசித்துத் துடித்தது. தோல் ஜில்லென்று வியர்த்திருந்தது. தடிப்பு இல்லை, மூச்சு சீராக இருந்தது. வெறும் பயத்தில் வந்த மயக்கம். காலைத் தூக்கி வைத்ததும் கண் விழித்து, பஸ் எங்கே என்பது மாதிரி சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். நான் மட்டும் விரலை எடுக்காமல் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பத்து நிமிஷம் இருக்கும். நாடி நிதானத்துக்கு வந்ததும் கையை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது அங்கிள், எழுந்து உட்காரலாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போன மாதம் கேட்டபோது, டிவி இருக்கிறது என்று சொன்னவர். கையைத் திரும்ப என் பக்கமே நீட்டினார். "இன்னொரு தடவை எண்ணிடுங்க மிஸ்ஸி, தப்பா எண்ணியிருக்கப் போறீங்க."

காமிரா

வித்யாவுக்கு தஞ்சோங் பகாரில் ஆபீஸ். முப்பத்துச் சொச்சம் வயது. ஊசி போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். "சிஸ்டர், அரை மணி நேரம் சும்மா உட்கார முடியாது, எனக்கு மீட்டிங்" என்பாள். முதல் இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறையும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காமிராவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூடிக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

முதலில் உள்ளங்கையை மடிக்கணினியின் விளிம்பில் தேய்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை செருமியபோது நான் எழுந்துவிட்டேன். மேல் உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. அவள் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. அந்த மாதிரி விரலுக்கெல்லாம் எத்தனையோ தடவை கட்டுப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கட்டுப்படவில்லை. மடிக்கணினியைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்து, அவளைப் படுக்க வைத்து டாக்டரைக் கூப்பிட்டேன். கழுத்தில் செந்தடிப்புப் படர்ந்துகொண்டே வந்தது. மூச்சு இழுத்தது. பேண்டுக்கு மேலேயே தொடையில் அட்ரினலின் குத்தினோம். ஆக்ஸிஜன் வைத்தோம். ரோஸ்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது ஊசி. காதுக் கருவி கீழே விழுந்து எங்கேயோ இணைப்பு அறுந்துபோக, பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த மீட்டிங் சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு தேதியைத் தள்ளிப்போடலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் என் இரண்டு விரல்களைப் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸிலும் விடவில்லை.

பிழைத்துக்கொண்டாள். இனி அந்த ஊசி கிடையாது, கைப்பையில் எப்போதும் தானே குத்திக்கொள்கிற அட்ரினலின் பேனா. இரண்டு வாரம் கழித்து ஒரு டப்பா கேக்கோடு வந்தாள். வேலையெல்லாம் எப்படி என்று கேட்டேன். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். "பதினோரு பேர் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க சிஸ்டர், ஒருத்தர் மட்டும் கேட்டாரு, 'வித்யா, ஆர் யூ ஆன் மியூட்?'ன்னு."

ஒத்திகை

அதற்கப்புறம் எல்லோரும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வழக்கமாக ரப்பர் பொம்மையை வைத்துத்தான் செய்வோம். அந்த வாரம் பொம்மையின் மார்பு கிழிந்து அது பழுதுபார்க்கப் போயிருந்ததால் நான் நோயாளியாகத் தரையில் படுத்தேன். ரோஸ்னா என் காலைத் தூக்கிப் பிடித்தாள். புதிதாகச் சேர்ந்த தாதி என் தலைமாட்டில் மண்டியிட்டு, "கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். டாக்டர் நாடி பார்த்தார். மருந்தில்லாத ஊசியைத் தொடையில் வைத்து அழுத்தினார்கள். எத்தனை நிமிஷம் ஆனது என்று குறித்தார்கள், சீக்கிரமாகத்தான் முடித்திருந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். பதினாறு வருஷமாக அந்த அறையில் இருக்கிறேன், அதன் கூரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓர் ஓரத்தில் ஈரம் ஊறிப் பழுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்று தெரியவில்லை. என்னை அக்கா என்ற அர்த்தத்தில் மலாயில் 'கக்' என்று கூப்பிடுகிற ரோஸ்னா குனிந்து பார்த்தாள். "கக், டிரில் ஓவர் ஆல்ரெடி லா, யூ கென் கெட் அப்."

முழுக்கைச் சட்டை

ஹமீது அண்ணனுக்குப் பக்கத்துத் தெருவில் துணிக்கடை. பத்தொன்பது வயதிலிருந்து தலைவலி. வலி வந்தால் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்து, துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துவிடுவார். கடையில் வேலை செய்கிறவர்கள் அன்றைக்குச் சைகையில் பேசுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். "என் வீடே குசுகுசுன்னுதான் பேசும், தங்கச்சி. நான் உள்ள நுழைஞ்சா டிவியை நிறுத்திடுவாங்க. எனக்குப் பயந்து இல்ல, பாசத்துலதான்" என்பார்.

மாத ஊசி ஆரம்பித்தோம். முதல் மாதம் இரண்டே தலைவலி. அடுத்த ஊசிக்கு வந்தபோது ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை என் மேசையில் வைத்தார். "நேத்து பேத்திங்க ரெண்டும் ரிமோட்டுக்கு அடிச்சிக்கிட்டு ஒரே கத்தல். நான் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஊசிக்கு வந்த அன்று வெளியே நல்ல வெயில். அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டிலும் கழுத்திலும் பொத்தானைப் பூட்டியிருந்தார். பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னால், சட்டை மேலேயே கட்டு என்றார். வியர்த்துக் கொட்டியது. நானே பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினேன். முழங்கை வரைக்கும் சொறிந்து சொறிந்து காய்ந்த தடங்கள். கொசு என்றார். நான் சட்டையை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இரண்டாவது ஊசிக்கு மறுநாள் தடிப்பு வந்திருக்கிறது. மூன்றாவதுக்கு இன்னும் அதிகம். போன தடவை கண் இமை வீங்கி மூடிக்கொண்டது, நெஞ்சு இறுக்கியது. அதனால் அலர்ஜி மாத்திரையை வாங்கி, இங்கே வருவதற்கு முன்னால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "டாக்டர்கிட்ட சொல்லாதம்மா. ரெண்டு நாள் அரிக்கும், நான் பார்த்துக்கிறேன். அந்தப் பழைய இருட்டுக்குள்ள என்னைத் திரும்ப அனுப்பாதே."

ஊசி தட்டில் இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆகி, குளிர் போய் அறையின் சூட்டுக்கு வந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், அந்த வலி எப்படிப்பட்டது என்று. எனக்கும் தெரியும். சட்டையை நான் இறக்கிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிற அலர்ஜி அடுத்த முறை அவருடைய வீட்டில், மறுநாள், நான் இல்லாத இடத்தில் தொண்டையை அடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். போய் டாக்டரிடம் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டார். வேறு சிகிச்சை கொடுத்தோம், அது பாதி வலியைத்தான் குறைத்தது. கடையைத் தாண்டிப் போகும்போது பின்னறை விளக்கு அணைந்திருந்தால் நான் நடையை மெதுவாக்கிக்கொள்கிறேன், செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்று. ஊசியை நிறுத்திய அன்றைக்கு அண்ணன் சத்தம் போடவில்லை. பொத்தானை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிக்கொண்டார். கதவுக்கருகில் போய்த் திரும்பிப் பார்த்தார். "நீ பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம், தங்கச்சி."

தெம்பனிஸ், ஞாயிற்றுக்கிழமை காலை

என் தலைவலிக்கும் டாக்டர் மாத ஊசியை எழுதிக் கொடுத்தார், அண்ணனுக்குப் போட்டது இல்லை, வேறொன்று. முதல் இரண்டை கிளினிக்கிலேயே போட்டுக்கொண்டேன். மூன்றாவதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. தங்கை கல்யாணமாகி பெர்த்துக்குப் போனதிலிருந்து தெம்பனிஸ் வீட்டில் நான் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை துவைத்த துணியைக் கம்பில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தொடையில் ஊசியை அழுத்தினேன். வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை என்பதால் அறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து மேசையில் சாய்த்து வைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. இருபதாவது நிமிஷம் உள்ளங்கை அரித்தது. காது சூடானது. கண்ணாடியில் என் கீழுதடு எனக்குத் தெரியாத யாருடைய உதடு மாதிரியோ இருந்தது.

அலர்ஜி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வித்யாவுக்குச் சொல்லி அனுப்பியதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். முகவரி சொன்னேன், அலர்ஜி என்றேன், குரல் கரகரத்தது. உங்களோடு யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். நான் கண்ணாடியைப் பார்த்து, இல்லை என்றேன். போய்க் கதவையும் இரும்புக் கேட்டையும் அகலத் திறந்து வைத்தேன், நான் மயங்கிவிட்டால் அவர்கள் பூட்டை உடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு கூடத்தில் தரையில் படுத்து, காலைத் தூக்கி சோபாவில் போட்டுக்கொண்டேன். தொண்டையில் யாரோ மெல்லக் கயிற்றை இறுக்குகிற மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு இப்படி ஆனபோதெல்லாம் மூச்சைத்தான் கவனித்திருக்கிறேன். அவர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எதிர்வீட்டுச் சீன அங்கிள் தாழ்வாரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். என் கேட் இப்படி அகலத் திறந்து அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வாசலில் நின்று, "ஹலோ? ஹலோ?" என்றார். தண்ணீர்க் குவளையோடு அப்படியே உள்ளே வந்து, என்னைப் பார்த்துத் திகைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயதான முழங்கால், உட்காரும்போது படபடவென்று சொடுக்கியது. ஆம்புலன்ஸ் வருகிறது என்று திணறித் திணறிச் சொன்னேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "என் முகத்தைப் பாருங்கள், உதடு பெரிதானால் சொல்லுங்கள்" என்றேன். அவர் பார்த்தார். குனிந்து, கண்ணை இடுக்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை "ஸ்டில் சேம்" என்றார். ஒரு தடவை மட்டும் தயங்கி, "லிட்டில் பிட் பிக், டோன்ட் ஸ்கேர்ட்" என்றார். கீழே ஆம்புலன்ஸ் வந்து, லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினாறு வருஷமாக நான் செய்கிற வேலையை இன்னொருவர் எனக்காகச் செய்ததைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்ரினலின் போட்டதும் பத்து நிமிஷத்தில் தொண்டை திறந்தது. அலர்ஜி அடங்கின மாதிரி அடங்கித் திரும்ப வரும் என்பதால் மறுநாள் வரைக்கும் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது என் துணிகள் மடித்து ஒரு பையில் கதவுப் பிடியில் தொங்கின. நான் கம்பில் மாட்டியவைதான். அங்கிள் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். என் உதட்டை ஒரு முறை உற்றுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். நன்றி சொன்னேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை, வேறு ஏதோ அவரை நேற்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. "யுவர் நேம் வாட், ஆ? ஆம்புலன்ஸ் மேன் ஆஸ்க் மீ, ஐ டோன்ட் நோ. நைன் இயர்ஸ், ஐ டோன்ட் நோ."

ஊசி போட்டால் அரிப்பு வரலாம், வீக்கம் வரலாம், மூச்சுத் திணறல் வரலாம் என்று மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளில் இரண்டு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வரலாம் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை.